இல்லை என்று சொன்ன மகள்

நடேசன் வெள்ளானூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். பதினொரு வருடமாக ஒரே இடம். அவருக்கு ஒரு மகள் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. பிறந்த குழந்தை தங்கவில்லை என்று அவரே சொல்லியிருந்தார்.

தேவிப்பிரியா டவுன் சின்ட்ரோமோடு பிறந்தவள். பிறந்த வாரமே ரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏகத்துக்கு ஏறியிருந்தன. இரண்டு மாதத்தில் தானாகவே இறங்கின.

"இந்த மாதிரிக் கொழந்தைங்கள்ல சில பேருக்கு இது பின்னால ரத்தப் புற்றுநோயா வரலாம். நாலு வயசு வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒருதரம் ரத்தம் பாத்துடுங்க" என்றார் டாக்டர்.

நடேசன் இரண்டு முறை கூட்டிப்போனார். இரண்டாம் முறை, பஸ்ஸில் ஒருத்தி குழந்தையின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு இவர் முகத்தையும் பார்த்தாள். அதோடு நிறுத்திவிட்டார். மனைவி சித்ரா கேட்டால், "நல்லாத்தான கீது, இன்னாத்துக்கு ஊசி குத்தி அழ வெக்கணும்" என்பார்.

இரண்டரை வயதில் குழந்தையின் காலெல்லாம் நீலத் திட்டுகள். அடுத்த வீட்டு எல்லம்மா, "புள்ளய அடிக்கிறியா நீ?" என்று நேராகவே கேட்டாள். இல்லை என்று வாயெடுத்தவருக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

ரத்தப் புற்றுநோய்தான். உடனே பிளேட்லெட் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். சொந்தத்தில் யாருடைய ரத்தமும் ஒத்துவரவில்லை. நடேசன் பட்டறைக்குப் போய், பக்கத்து மெஷினில் நின்ற உஸ்மான் கனியிடம் கேட்டார்.

"யாருக்கு?"

"எம் பொண்ணுக்கு."

"பொறந்தப்பவே பூட்ச்சின்னியே, அண்ணாத்தே?"

"பொய் சொன்னேன்."

உஸ்மான் கனி மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நடேசன் காத்திருந்தார். "பேரு இன்னா?" என்று மட்டும் கேட்டார் உஸ்மான் கனி. மகளின் பெயரை அந்தப் பட்டறைக்குள் முதல்முறையாகச் சொன்னபோது நடேசனால் நிமிர முடியவில்லை.

அன்று பட்டறையிலிருந்து மூன்று பேர் வந்து கொடுத்தார்கள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இந்தப் புற்றுநோய் மருந்துக்கு நன்றாகவே கேட்கும் என்றார் டாக்டர். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது நடேசனுக்கு.

ஏழு மாதத்தில் சிகிச்சை முடிந்தது. தேவிப்பிரியாவுக்கு இப்போது ஐந்து வயது. முடி வளர்ந்து ரெட்டைப் பின்னல் போடுகிறாள். ரத்தம் பார்க்கும் நாளில் நடேசனே லீவு போட்டுவிட்டுத் தூக்கிப்போகிறார். பட்டறையில் யாராவது, "பாப்பா எப்டி கீது?" என்பார்கள்.

"நல்லா கீறா" என்று சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் பக்கம் குனிந்துகொள்வார்.