உடம்பைக் காயவிட்ட கதை

என்னைப் போன்ற மடையன் உத்திரமேரூர் பக்கம் இன்னொருவன் இருந்தால், அவனுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஓமனில் வேலை செய்யும் மச்சானும் நானும் அங்குள்ள பாலைவனத்தை மோட்டார் சைக்கிளில் கடப்பதாகத் திட்டம். வயலைக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் நெல்லுக்கு வேர் ஆழமாக இறங்கும். உடம்பும் அப்படித்தான் பழகும் என்று என் விவசாயி மூளை முடிவு கட்டியது. சித்திரை வெயிலில் கனத்த ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமாக, சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், வறண்ட ஏரிக்குள் தினமும் வண்டி ஓட்டினேன்.

"நீ இன்னா நெல்லுப் பயிராய்யா? இப்டிக் காஞ்சிக்கினு கீற!" என்றாள் மனைவி.

"வேர் வுட்டுக்கினு கீறன், தொந்தரவு பண்ணாத" என்றேன்.

ஐந்தாம் நாள் வண்டியோடு சாய்ந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். வெயில் தாக்கிச் சிறுநீரகம் இரண்டும் பாதிக்கப்பட்டிருப்பதாக டாக்டர் சொன்னார். மச்சான் என்னை விட்டுவிட்டுத் தனியாகவே போய்வந்துவிட்டான்.

இப்போது ரேஷன் கடைக்குக்கூடத் தண்ணீர் பாட்டிலோடுதான் போகிறேன். தாகத்துக்குக் காத்திராமல், டாக்டர் சொன்ன அளவைக் குடித்துவிடுகிறேன். வெயில் ஏறினால் நிழலுக்கு ஓடிவிடுகிறேன்.

போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது, "அடுத்த வருஷமாவது பாலைவனத்துக்குப் போலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

ரிப்போர்ட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே அவர் சொன்னார்: "மொதல்ல பஸ் ஏறி வீட்டுக்குப் போங்க."