சாட்சிக்கு ஒரு ஸ்க்ரூ

இடது கடைவாயில் நாலு ஸ்க்ரூ, காதுக்குப் பின்னால் ஓர் அட்டைத் துண்டு, தோளில் ஒரு கதவு. இந்தக் கோலத்தில்தான் கதவுக்காரர் புது வீட்டுக்குள் நுழைவார். நிலையில் கதவை நிறுத்தி, வாயிலிருந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்து முடுக்குவார். கடைசியில் அந்த அட்டையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்ப்பார். எங்கேயாவது தட்டினால் போச்சு, இழைப்புளி கைக்கு வந்துவிடும். "ஒட்டியும் ஒட்டாம நிக்கணும். அதுதான் கதவு" என்பார்.

வாயில் ஸ்க்ரூ இருந்தால் பேசமாட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. அதைக் கடித்துக்கொண்டே வீட்டுக்காரரைக் கிண்டல் செய்வார், பெயிண்டரை வம்புக்கு இழுப்பார். ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தால் தொடமாட்டார். முழுசாகக் கடித்தால்தான் அவருக்கு ருசி.

அந்த ஆப்பிள்தான் முதலில் கைவிட்டது. வாயைத் திறந்தால் வலது காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம்; இடது காதோரம் உயிர் போகிற வலி. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே வைத்தியத்தை அவரே முடிவு செய்துவிட்டார். "தாடை மூட்டு தேஞ்சுபோச்சு. ஆபரேஷன்ல எலும்பை லேசா இழைச்சு விட்டா சரியாயிடும்."

மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "எலும்பு என்ன பலகையாங்க, இழைக்கிறதுக்கு?"

"சும்மா இரு. மூட்டைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

டாக்டரம்மா எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டினார். காதோரத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்புக் குமிழ்கள். வலது குமிழ் மண்டை மழுங்கி, ஓரத்தில் கிளி மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இடது குமிழ் உருட்டி வைத்ததுபோல வழவழவென்று இருந்தது.

கதவுக்காரர் பெருந்தன்மையோடு சிரித்தார். "டாக்டரம்மா, படம் இடம் வலம் மாறியிருக்கு. எனக்கு வலிக்கிறது இடது. நானே ஆரம்பத்துல ஒரு கதவை உள்பக்கம் வெளிப்பக்கம் மாத்தி மாட்டியிருக்கேன். எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

"மாறலைங்க."

"கீல் ஒரு பக்கம் கெட்டு, கதவு இன்னொரு பக்கம் இழுக்குமா?"

வாயைத் திறந்தபடி இன்னொரு படம் எடுக்க வேண்டியிருந்தது. அவர் பையைத் துழாவி ஒரு ஸ்க்ரூவை நீட்டினார். "இதை என் வலது கன்னத்துல ஒட்டி எடுங்க. சாட்சி இருக்கட்டும்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். வந்த படத்தில் ஸ்க்ரூ அந்தக் கிளி மூக்குக்குப் பக்கத்திலேயே பளிச்சென்று நின்றது. கதவுக்காரர் கன்னத்திலிருந்து சாட்சியைப் பிய்த்துக்கொண்டே படத்தை முறைத்தார்.

"எலும்பு மழுங்கின எல்லாருக்கும் வலிக்கிறதில்லை. வலிக்கிற எல்லாருக்கும் மழுங்கியிருக்கிறதுமில்லை" என்றார் டாக்டரம்மா. "உங்க வலது பக்கம் சத்தம் போட்டுக்கிட்டே ஒழுங்கா வேலை செய்யுது, விட்டுடுங்க. வலிக்கிறது இந்தச் சதை." இடது கன்னத்தில் விரலை அழுத்தினார். கதவுக்காரர் நாற்காலியில் ஒரு துள்ளு துள்ளி உட்கார்ந்தார். "நாள் பூரா எதையோ கடிச்சுக்கிட்டே இருக்கீங்க."

"நானா? நான் எதையும் கடிக்கிறதில்லையே." சொல் கொழகொழவென்று வந்தது.

மனைவி எட்டிப் பார்த்தார். "என்னங்க, அந்தச் சாட்சி எங்க?"

கதவுக்காரர் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். பிறகு நாக்கால் துழாவினார். ஸ்க்ரூ இடது கடைவாயில் இருந்தது. எப்போது அங்கே போனதென்று சத்தியமாக அவருக்கே தெரியாது. டாக்டரம்மா உள்ளங்கையை நீட்டினார்.

"அப்போ ஆபரேஷன்?" என்று கேட்டார் மனைவி.

"வேண்டாம்மா. முதல்ல இந்தப் பழக்கத்தை விடட்டும். வாயை மூடினா உதடு சேரலாம், பல்லு சேரக் கூடாது."

"இருந்தாலும் அந்த வலது பக்கத்தை மட்டும் லேசா..." என்று தொடங்கிய கதவுக்காரர், மனைவி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

இப்போது ஸ்க்ரூக்கள் சட்டைப்பையில் கிடக்கின்றன. குனிந்தால் கொட்டுகின்றன. "டாக்டரம்மா வந்து பொறுக்குவாங்களா?" என்று முணுமுணுத்தபடி பொறுக்குகிறார். வலது பக்கம் 'டக்' என்று அதன்பாட்டுக்குப் பேசுகிறது. ஆப்பிள் இன்னும் துண்டாகத்தான் உள்ளே போகிறது. துண்டு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வருகிறது.

கதவை மாட்டி முடித்ததும் காதுக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுக்கிறார். பெயிண்டர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்கிறார். உதட்டை லேசாக விலக்கி, இடது கடைவாய்ப் பற்களுக்கு நடுவே அட்டையை விட்டு இழுக்கிறார். தட்டாமல் வருகிறது. சட்டையில் ஒரு துடை துடைத்துவிட்டு, கதவிடம் போகிறார்.