கறுப்பு நாயின் எண்ணைப் படித்தவர்

செவ்வாய்க்கிழமை காலை நான் மலைப் பஸ்ஸில் இருந்தபோது டாக்டர் தமிழரசியின் கணவர் அழைத்தார். "அண்ணா, தமிழு போயிருச்சுங்க. நெஞ்சுவலின்னுச்சு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." மேலே அவரால் பேச முடியவில்லை. காளப்பநாயக்கன்பட்டியில் அவர்கள் வீட்டில் டாக்டரின் உடலைப் பார்க்கும்வரை நான் நம்பவில்லை.

மலைமேல் வளப்பூர் நாடு என்ற ஊரின் கால்நடை மருந்தகத்தில் ஆறு ஆண்டுகள் அவருக்கு உதவியாளனாக இருந்தேன். டாக்டர் அங்கே வந்த புதிதில் வீட்டு நாய்களுக்கெல்லாம் வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, அரிசி மணியளவு சிப் ஒன்றையும் தோலுக்கடியில் வைத்தார். அதன் எண்ணைக் கருவி படித்துக் காட்டும். எந்த எண் யாருடைய நாய் என்பது எங்கள் பதிவேட்டில் இருக்கும். "மெஷின உள்ள வெச்சா நாயி செத்துராதுங்களா?" என்று பலர் தயங்கினார்கள். "என்ற ஊட்டு நாய்க்கும் வெச்சிருக்கேனுங்க" என்பார்.

பிறகு அந்த நாள் வந்தது. காலையில் பாப்பாத்தி என்ற பெண்ணை மரவள்ளிக் காட்டில் ஒரு கறுப்பு நாய் கடித்துவிட்டு ஓடியது. டாக்டர் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, ஊசி போட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மதியத்துக்கு மேல் ஊரார் ஒரு கறுப்பு நாயைத் துரத்தி அடித்துக் கொன்றார்கள். தலை சிதைந்து கிடந்தது. "அடிச்சாச்சுங்க, இனிப் பயமில்ல" என்று காலையிலிருந்து சாத்தியிருந்த கதவுகளைத் திறந்துவிட்டார்கள்.

டாக்டர் கையுறை அணிந்து, அதன் தோள்மேல் கருவியைப் பிடித்தார். 'பீப்' என்றது. பதிவேட்டில் எண்ணைத் தேடிய என் விரல் ஒரு பெயரில் நின்றது. சடையன்.

டாக்டர் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். "பாப்பாத்தியக் கடிச்ச நேரத்துல சடையன் நாயி புழு மருந்துக்கு நம்மகிட்டதான இருந்துச்சு? அப்ப கடிச்சது இன்னும் வெளிய சுத்துதுங்கண்ணா."

பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரம். டாக்டர் கருவியை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. வாங்க, போலாம்." ஆளுக்கொரு தடியோடு, பிள்ளைகளை நடுவில் விட்டு வீடு வீடாகச் சேர்த்தோம். சருகு அசைந்தாலே எனக்கு வியர்த்தது. மிளகுக் கொடிகளுக்குள் எதைப் பார்த்தாலும் கறுப்பாகத் தெரிந்தது.

பொழுது சாயுமுன் காட்டோரம் இன்னொரு கறுப்பு நாய், நிற்க முடியாமல் நுரை கக்கிக் கிடந்தது. வலை போட்டுப் பிடித்தோம். அதற்குச் சிப் இல்லை. வெறிநோய்தான் என்று பின்னர் சோதனையில் உறுதியானது. ஊசிகளை முழுதாகப் போட்டுக்கொண்ட பாப்பாத்தி நலமாக இருக்கிறார்.

அன்று நாயைப் பிடித்த கையோடு டாக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே சடையன் வீட்டுக்குப் போனார். ஊரார் அடித்துக் கொன்றது அவர் நாய் என்றதும் சடையன் கேட்டது ஒன்றுதான்.

"என்ற நாயி யாரையும் கடிக்கலீங்களே?"

"இல்லீங்கய்யா. அது யாரையும் கடிக்கல."

சடையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். டாக்டர் அவருக்குப் பக்கத்தில் வெறும் மண்ணில் உட்கார்ந்தார், நெடுநேரம் எழவில்லை. நானும் அவரோடு உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா, அன்று உங்களோடு அந்த மண்ணில் உட்கார்ந்திருந்தவனின் கடைசி வணக்கம். போய் வாருங்கள்.