ஏற்றத்தில் நின்ற மாப்பிள்ளைக் கார்

கட்டாரில் பல வருடங்கள் கார் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தவன் நான். அங்கே ஓட்டியதெல்லாம் ஓட்டோ கியர். மிதித்தால் போகும், பிரேக்கை அழுத்தினால் நிற்கும், அவ்வளவுதான். ஊரில் யாரும் இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மகளுக்குக் கலியாணம் பேசி முடித்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கலியாணத்தன்று பெண்ணின் சகோதரன் போய் அவரை அழைத்து வருவான். எனக்கு மகன் இல்லை. "நானே போய்க் கூட்டிக்கு வருவன்" என்று சபையில் வாயை விட்டுவிட்டேன். மகளுக்கோ, மாப்பிள்ளை எங்கள் வீட்டுக் காரில்தான் வர வேண்டும் என்று ஆசை. அது கையால் கியர் போடுகிற பழைய கார்.

லைசன்ஸ் வைத்திருந்த மகளே என்னைப் பழக்கினாள். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரை வீதிக்குப் போவோம். கிளச்சை விட்டதும் கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிடும். "கிளச் சரியில்ல" என்பேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அவள் சிரிக்க மாட்டாள். "மெல்லமா விடுங்க வாப்பா" என்பாள்.

ஒருநாள் அவள் சொன்னாள்: "பாலத்தடிக்குப் போய் ஏத்தத்தில நிப்பாட்டி எடுத்துப் பழகுவம், வாப்பா."

"நம்மட ஊர்ல எங்க ஏத்தம் இரிக்கி? சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன்.

ஊர் தட்டுப்போலச் சமதரை என்பது உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல. பாலத்தடித் தேநீர்க் கடையில் இருப்பவர்கள் எல்லோரும் என்னை அறிந்தவர்கள். பெற்ற மகளிடம் நான் கார் பழகுவதை அவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று வெட்கப்பட்டேன்.

கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுக்கு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தேன். வீதியைத் திருத்தும்போதெல்லாம் உயர்த்தி உயர்த்தி, அந்த வீட்டு வளவு வீதியைவிடப் பள்ளமாகிக் கிடந்தது. மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வெளியே வரும்போது, வாசல் ஏற்றத்தின் பாதியில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. நிறுத்தினேன். பெண்கள் குரவை போட்டார்கள். பிரேக்கை விட்டதும் கார் பின்னால் உருண்டு அவர்களை நோக்கிப் போனது. குரவை நின்றுவிட்டது. மறுபடி முயன்றேன், இயந்திரம் நின்றது. மீண்டும் நின்றது.

"கட்டார்ல ஒட்டகமா ஓட்டின?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்படியே இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

பின்னாலிருந்து மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "மாமா, நான் எடுக்கட்டா?"

கலியாணக் கோட்டோடு அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் அவருடைய பூச்செண்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அழைத்துவரப் போனவனை மாப்பிள்ளையே அழைத்துக்கொண்டு போனார். சந்தியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பூச்செண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கைக்குச் சற்று முன்னால் அவர் காரை ஓரங்கட்டினார். "இனிச் சமதரைதான் மாமா. நீங்க எடுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் இருந்தார். என் வாசலில், எல்லாம் நானே செய்தவன்போல இறங்கிக் கதவைத் திறந்துவிட்டேன்.

நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளிடம் கூட்டிப் போனேன். அவள் தலையை நிமிர்த்தி முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

"கார் வந்த சத்தம் கேட்டன் வாப்பா. வழி முழுக்க நீங்கதான் ஓட்டினீங்களா?"

நான் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினேன்.

"ஓம், மாமாதான் ஓட்டினாங்க" என்றார் மாப்பிள்ளை.

மகள் முகமெல்லாம் மலர்ந்தது. மனைவியாகிவிட்ட என் மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு, எனக்காகச் சொன்ன பொய்.