மேலே ஓடலாம், கீழே நடக்கணும்

நீந்தி, சைக்கிள் மிதித்து, அதற்குப் பிறகும் உயிர் மிச்சமிருந்தால் ஓடி முடிக்கிற போட்டிக்கு டிரையத்லன் என்று பெயர். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், நாற்பது வயதில், தொப்பையோடு ஒருவன் இதில் சேரப் பெயர் கொடுத்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். முதலில் என் மனைவிக்கு வந்தது. விடியக்காலையில் யாரைப் பார்க்கப் போறீங்க என்று கேட்டாள்.

நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், சந்தேகம் வர வேறு காரணம் இருந்தது. எங்கள் டிவிசனில் மழைமானி பார்ப்பவன் நான். மீரியபெத்தைத் தோட்டத்து வீடுகளை மலை சரிந்து மண் மூடியதிலிருந்து இங்கே ஒவ்வொரு வீட்டிலும் கதவோரம் ஒரு பை கட்டித் தயாராக இருக்கும். மழைத் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் நான் கீழே வந்து கதவுகளைத் தட்டவேண்டும். எல்லோரும் பையோடு பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும்.

பயிற்சியின் முதல் நாள் தூறல். மழைமானி இருக்கும் மேட்டிலிருந்து லயத்து வழியாகக் கீழே ஓடினேன். பின்னால் செருப்புச் சத்தம். அதற்குள் ரசிகர்களா என்று வேகத்தைக் கூட்டினேன். அவர்களும் கூட்டினார்கள். கோயிலடியில் நின்று திரும்பினால் மொத்த லயமும் பைகளோடு நிற்கிறது. முன்னால் கடைசி வீட்டு அக்கா, ஒரு கையில் பை, மறு கையில் ஆட்டுக் கயிறு. கொழுந்து எடுக்கிறவர். அவர் சமைக்கிற குசினியின் சுவருக்குப் பின்னாலேயே மலை செங்குத்தாக நிற்கிறது. மண் வந்தால் முதலில் அங்கேதான் வரும்.

"எந்தப் பக்கம் தம்பி சரியுது?" என்றார்.

எதுவும் சரியவில்லை, உடம்புக்காக ஓடினேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. வேலை நின்றுவிடும் என்று தோட்டத்தை நடத்தும் தொரை என் வாயை அடைத்துவிட்டதாக ஒருவர் கண்டுபிடித்தார். அக்கா நேரே மேட்டுக்கு ஏறி மழைமானியைப் பார்த்தார். பார்த்தும் திருப்தியில்லை. தண்ணீரை நானே கொட்டியிருப்பேனாம்.

அன்றிலிருந்து நான் கண்காணிப்பில். அரிசி கூடுதலாக வாங்கினால் எதுக்கு என்பார். கொடியில் துணி இல்லையென்றால் எங்க பயணம் என்பார். எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. அவருடைய ஆடு எங்கள் ஜன்னலுக்கு நேரே மட்டும் ஏன் மேய்கிறது? உளவுக்கு விட்டிருக்கிறார் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒருநாள் அக்கா வழிமறித்தார்.

"நீ ஓடுறப்பல்லாம் நெஞ்சு அடைக்குது தம்பி. இப்படிச் சும்மா சும்மா ஓட வச்சேன்னா, நெசமா வர்றப்ப ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க. மேல ஓடு, நாங்க கேக்க மாட்டோம். கீழ நடந்து வா."

ஏற்றத்தில் ஓடுகிறவன் தப்பி ஓடவில்லை என்பது அவர் கணக்கு. அப்புறம் மேலே ஓடினேன், கீழே நடந்தேன். சைக்கிளையும் இறக்கத்தில் உருட்டித்தான் வந்தேன். ஞாயிறுகளில் வெலிமடைப் பக்கத்துக் குளத்தில் நீந்தினேன். அங்கே உருளைக்கிழங்குத் தோட்டக்காரர் ஒருவர் நான் அவருடைய தண்ணீர் மோட்டாரை நோட்டம் விடுவதாக நினைத்துக் கரையிலேயே குந்தியிருந்தார்.

போட்டியைப் பார்க்க மனைவியும் மகளும் வருவதாக இருந்தது. மழைமானிக்காரன் குடும்பத்தோடு, பையோடு பஸ் ஏறினால் என்ன ஆகும்? அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மழைமானியை மனைவியிடம் ஒப்படைத்துத் தனியாகப் போனேன். தண்ணீரில் நான் முங்குகிறேனா நீந்துகிறேனா என்று படகுக்காரருக்குக் கடைசிவரை சந்தேகம். சைக்கிள் ஏற்றத்தில் சிலரை முந்தினேன். ஓட்டம் முழுக்க இறக்கம். கால் தானாக நடக்க ஆரம்பித்தது. பின்னால் யாராவது பையோடு வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வந்தவர்களெல்லாம் முந்திப் போனார்கள். கடைசியாக முடித்தேன்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு பகல், தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. கீழே ஓடினேன். கதவைத் தட்டவே தேவைப்படவில்லை; என் ஓட்டத்தைப் பார்த்ததுமே லயம் வெளியே வந்தது. பாதி இறக்கத்தில் கால் பழையபடி நடக்க ஆரம்பித்தது. நான் கடைசி வீட்டை எட்டுவதற்குள் அக்கா தலையில் பையும் கையில் ஆடுமாக என்னைத் தாண்டிப் போனார்.

"என்ன இன்னும் பழக்கமா? இன்னைக்கு ஓடலாம், ஓடு தம்பி."

அன்று மண் அவருடைய குசினிச் சுவரைத் தள்ளிக்கொண்டு அடுப்புவரை வந்து நின்றது. உள்ளே யாரும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அங்கேயும் நான்தான் கடைசி.