மெழுகுப் பல்லும் ஒரு கிளாஸ் டீயும்

இன்று விழுப்புரத்தில் என் கிளினிக்கில், பல்லே இல்லாத ஒரு அம்மாவின் வாயில் பேனா மாதிரி ஒரு கேமராவை விட்டுச் சுற்றினேன். ஈறு முழுக்கத் திரையில் வந்துவிட்டது. "அவ்ளோதானாங்க?" என்றார். அவ்வளவுதான். அடுத்த தடவை வந்தால் மெஷின் அச்சடித்த பல்செட்டை மாட்டிக்கொண்டு போகலாம். அறையில் மெழுகு வாசனையே இல்லை. எனக்குத்தான் என்னவோ அலுப்பாக இருந்தது.

மெழுகு என்றால் ஏழுமலை நினைவுக்கு வந்துவிடுவார், என்ன செய்ய.

திண்டிவனத்தில் நான் புதிதாக போர்டு மாட்டிய காலம். ஏழுமலை தனியார் பஸ் கண்டக்டர். பல் முழுக்கப் போய், ஊர்ப்பெயரைக் கத்தினால் வெறும் காற்றுதான் வரும். "கொரல் வரலன்னா எறங்கிக்கோன்னு மொதலாளி பேஜாரு பண்றாரு டாக்டரே. ஜல்தியா கட்டிக் குடுங்க." அப்போது ஜல்தி எங்கே? வாயில் பசையை அப்பி அளவெடுத்து, பிளாஸ்டரில் அச்சு வார்த்து, கடி பார்த்து, மெழுகில் பல்லை நட்டு மாட்டிப் பார்த்து, அப்புறம்தான் கெட்டிப் பல்செட். ஐந்து தடவை வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு டூட்டி போகும்.

நாலாவது தடவை மெழுகுப் பல்லை மாட்டி, "ஸ்டாப் பேரெல்லாம் சொல்லுங்க" என்றேன்.

"கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம்!"

வெளியே உட்கார்ந்திருந்த ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையோடு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன். ஏழுமலை எதிர் டீக்கடையில் நின்ற டிரைவரிடம் பல்லைக் காட்டப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது முன்பற்கள் நாலும் உள்ளங்கையில் இருந்தன.

"டீ கொஞ்சம் சூடு டாக்டரே. நீங்க ஒண்ணும் சொல்லலியே."

சொல்லவில்லைதான். மெழுகு இளகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? படித்தவன் நான். ஆனாலும் அவரைத்தான் திட்டினேன். இன்றுவரை உறுத்துகிறது.

மறுபடி மெழுகு, மறுபடி அலைச்சல். கடைசியில் பல்செட் கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே எல்லா ஸ்டாப்பையும் சொன்னார், விழுப்புரம் வரைக்கும்.

"வண்டி எத்தனை மணிக்கு?" என்றேன்.

"வேற ஆளப் போட்டுட்டாங்க டாக்டரே. போன வாரமே."

இப்போது மெழுகே கிடையாது, அச்சடித்துத் தரும் பல்லோடு தாராளமாக டீ குடிக்கலாம். தொள தொள ஈறு என்றால் அளவெடுக்க இன்றும் பழைய பசைதான், அது வேறு கதை. அந்தப் பஸ் நின்றுபோய்விட்டது. பைபாஸில் பறக்கிற வண்டிகளில் யாரும் ஊர்ப்பெயர் கத்துவதில்லை.

அந்த அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த வாட்டி முடிஞ்சிடும் இல்லீங்க?" என்றார்.

"முடிஞ்சிடும்மா" என்றேன். ஏழுமலையிடமும் ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன்.