சத்தத்துக்கு அசையாத பூனை

பீரோ பட்டறை முதலாளி நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். தாண்டியவர்களெல்லாம் இன்று அவரிடம் வந்துதான் பீரோ வாங்குகிறார்கள். கீழே பட்டறை, மேலே வீடு. இரண்டும் அவர் உழைப்பில் எழுந்தவை. யாரிடமும் போய்க் கைகட்டி நின்றதில்லை. தகட்டை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் போதும், நல்ல சரக்கா மட்டமா என்று சொல்லிவிடுவார். மட்டமென்றால் வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றுவார். பழுதுள்ள பொருளை அவர் வைத்துக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு பூனை விஷயம் ஆட்டிவைத்தது.

மருமகளுக்குப் பூனை என்றால் உயிர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். மகன் ஒரு பூனையைக் கொண்டுவந்தான். காலையில் கீழே தகடு மடிக்கிற பிரஸ் மெஷின் முதல் அடி அடித்ததும் அது ஜன்னல் வழியாகப் பாய்ந்தது. பிறகு அதன் வாலைக்கூட யாரும் பார்க்கவில்லை. அடுத்து வந்தது அந்த அளவுக்குக்கூடத் தாங்கவில்லை.

அன்று சாப்பிடும்போது மகன் மென்று விழுங்கினான்.

"அப்பா, பூனைகூட நிக்காத வீட்டுல நான் எப்படி இருப்பேன்னு அழறா. கொஞ்சம் தள்ளி, தனியா ஒரு வீடு பாக்கலாம்னு..."

முதலாளி கையில் எடுத்தது வாய்க்குப் போகவில்லை. ஒரே மகன். அந்த மாடியை அவனை நினைத்துத்தான் கட்டினார்.

"நீ பாத்து எடுத்தா ஓடத்தான் செய்யும். நான் எடுக்கறேன், நிக்குதா இல்லையா பாரு."

"அதுவும் ஓடிட்டா?" என்றாள் அவர் மனைவி.

"ஓடிட்டா நானே சாமான் ஏத்தி அனுப்பி வைக்கறேன், போதுமா?"

வாய் சொல்லிவிட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

மறுநாள் மருமகளையும் கூட்டிக்கொண்டு விலங்குக் காப்பகத்துக்குப் போனார். வரிசையாகக் கூண்டுகள். "மடியில வச்சுப் பாருங்க சார், எது உங்ககிட்ட ஒட்டுதோ அதை எடுங்க" என்றாள் காப்பகத்துப் பெண். அவர் பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்து, அங்கிருந்த இரும்பு மேஜையின் காலில் ஓங்கி ஒரு போடு போட்டார். பூனைகள் மயிர் சிலிர்த்து மூலைக்கு மூலை பதுங்கின. வெள்ளைப் பூனை ஒன்று மட்டும் தன்பாட்டுக்குக் காலை நக்கிக்கொண்டிருந்தது.

"இதுதான்."

"சார், இது வந்து ரெண்டு நாள்கூட ஆகல. டாக்டர் இன்னும் பாக்கல."

"டாக்டர் என்னம்மா பாக்கறது, நான் பாத்துட்டேன். அஞ்சா நெஞ்சன்."

"அது பொண்ணு சார்."

"அப்ப அஞ்சா நெஞ்சி."

வாரக் கடைசியில் டாக்டரோடு வந்து பார்ப்பேன், ஏதாவது சரியில்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடுதான் அவள் கொடுத்தாள்.

பூனை நின்றது. கீழே மெஷின் இடி இடியென்று இடிக்க, மேலே அது வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கியது. பீரோ வாங்க வந்தவர்களையெல்லாம் மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார். "பாத்தீங்களா? எடுக்கத் தெரிஞ்சு எடுக்கணும்."

ஆனால் மருமகள் முகம்தான் தெளியவில்லை. எந்நேரமும் பூனையின் பின்னாலேயே இருந்தாள். இவர் தலையைக் கண்டால் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஏம்மா, என்னைக் கண்டா ஒளியற?"

"ஒண்ணுமில்ல மாமா."

அந்த 'ஒண்ணுமில்ல' அவருக்கு முள்ளாகத் தைத்தது. பெட்டி கட்டுகிற நினைப்பு இன்னும் போகவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

தகடு ஏற்றிய லாரி வந்த அன்றைக்கு மாடிக் கதவு எப்படியோ திறந்து கிடந்திருக்கிறது. லாரி பின்பக்கமாக முற்றத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளி பட்டறைக்குள்ளிருந்து பார்த்தார். பின்சக்கரத்துக்கு நேர்வழியில், வெயில் படுகிற இடத்தில், வெள்ளைப் பூனை உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"ஏய், நிறுத்து!"

மெஷின் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பாய்ந்து மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார். பட்டறை விளக்குகள் அணைந்தன, ஒரு பீரோக் கதவு பாதி மடிப்பில் நின்றது. விளக்கு அணைந்தால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்பது பட்டறைச் சட்டம், லாரிக்காரரும் அறிவார். பிரேக்கை மிதித்து இன்ஜினை அணைத்தார். சக்கரத்துக்கும் பூனை வாலுக்கும் நடுவே ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான்.

பூனை அசையவில்லை.

"முதலாளி, சரிவு. லோடு இழுக்குது. முன்னால எடுக்கப் போனாலும் முதல்ல பின்னாலதான் உருளும். ரொம்ப நேரம் பிடிக்காது" என்றார் லாரிக்காரர்.

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. முதலாளி கூப்பிட்டார். கை தட்டினார். அது திரும்பவே இல்லை. லாரி ஒரு முனகல் முனகி, துளி நகர்ந்தது. வேலையாள் ஒருவர் பிடிக்கப் பாய்ந்தார்.

"ஓடாதீங்க அண்ணே, மிரண்டு சக்கரத்துக்குள்ள போயிடும்."

சொன்னது மருமகள். மாடிப்படியில் நின்றிருந்தாள். சத்தமில்லாமல் இறங்கிவந்து, முற்றத்தில் பதித்திருந்த இரும்புத் தகட்டின் மேல் குதிகாலால் மூன்று தட்டுத் தட்டினாள். தகட்டின் மறுமுனையில் இருந்த பூனை சட்டென்று தலையைத் தூக்கியது. அவளைப் பார்த்தது. வாலைத் தூக்கிக்கொண்டு அவளிடம் நடந்தது. அது விலகவும் லாரி சறுக்கவும் சரியாக இருந்தது. அது இருந்த இடத்தில் இப்போது சக்கரம் நின்றது.

மருமகள் பூனையை அள்ளி எடுத்தாள்.

"காது கேக்காதா அதுக்கு?" என்றார் முதலாளி.

"கேக்காது மாமா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வந்த மறுநாளே. தரையைத் தட்டினா வரும், அப்படிப் பழக்கியிருக்கேன். சொன்னா திருப்பி அனுப்பிடுவீங்கன்னு பயம்."

லாரிக்காரருக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "முதலாளி எடுத்த சரக்குல பழுதா?"

"நீ வாயை மூடிட்டு வண்டிய முன்னால எடு."

பட்டறையே அவர் முகத்தைப் பார்த்தது. ஊரைக் கூட்டிக் காட்டிய பூனை. வாரக் கடைசியில் டாக்டர் வேறு வரப்போகிறார். மகன் மெல்ல அருகில் வந்தான். "அப்பா, வேணும்னா நான் கொண்டுபோய் விட்டுட்டு..."

மருமகள் பூனையை நெஞ்சோடு இறுக்கினாள்.

"எதைடா கொண்டுபோய் விடுவே?" என்றார் முதலாளி. "ஊருக்கெல்லாம் கதவு அடிக்கறோம். நம்ம மாடிப்படிக்கு ஒரு கதவு போட உனக்குத் தோணிச்சா? டாக்டர் வர்றதுக்குள்ள மாட்டிடணும். போய் அளவெடு."

"நான் எடுத்துட்டேன் மாமா" என்றாள் மருமகள். "அகலம் மூணடி. உயரம் என் தோள் வரைக்கும். கீழ சந்து விடக்கூடாது."

முதலாளி அவளை நிமிர்ந்து பார்த்தார். பெட்டி கட்டுகிறவள் கதவுக்கு அளவெடுக்க மாட்டாள். தகடு பொறுக்க உள்ளே போனவர், வாசலில் நின்று சொன்னார்:

"தோள் பத்தாது. இன்னும் ஒரு முழம் கூட்டிக்க. பூனை தாவும்."

அதையாவது அவர் சொல்ல வேண்டாமா?